உள்ளே வரலாம், கையைக் கழுவிட்டு!

என் அண்ணனின் உடம்பில் இப்போது ஓடுவது என் ரத்தம்! சினிமா வசனம் இல்லை, ஆஸ்பத்திரி அறிக்கையிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவன் ரத்தத்தில் எடுத்துப் பார்த்த அணுக்கள் அத்தனையிலும் எக்ஸ் எக்ஸ் குரோமோசோம். முறுக்கு மீசை வைத்திருந்த மனுஷனின் ரத்தத்தில் தங்கச்சியின் குரோமோசோம்! ஏ பாசிட்டிவாகப் பிறந்தவன் மெல்ல மெல்ல ஓ பாசிட்டிவாக மாறிக்கொண்டு வருகிறான். பழைய சிவப்பணுக்கள் மூன்று நான்கு மாதத்தில் ஆயுள் முடிந்து விடைபெற, புதிதாக வருவதெல்லாம் என் சரக்கு. இந்த அறிக்கையை நான் இதுவரை காட்டாத ஆள் பாக்கி இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மாவுக்குக்கூடக் காட்டிவிட்டேன்.

அண்ணனுக்கு வந்தது அக்யூட் மைலாய்டு லுகீமியா. கீமோவில் நோய் அடங்கியது. திரும்பி வராமல் இருக்க ஸ்டெம் செல் டிரான்ஸ்பிளான்ட் வேண்டும் என்றார்கள். கூடப்பிறந்த ஒருவரின் திசுவகை முழுசாகப் பொருந்துவதற்கு 25 சதவீதம்தான் வாய்ப்பு. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பொருந்திவிட்டது!

அதற்குப் பிறகு நான் செய்தது ரொம்பச் சின்ன வேலை. சில நாள் தோலுக்கடியில் ஊசி போட்டார்கள். மஜ்ஜைக்குள் இருக்கிற ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் இழுத்துவிடுகிற மருந்து அது. இடுப்பெலும்பெல்லாம் குடைந்தது. பிறகு படுக்கையில் சில மணி நேரம். ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குள் போய், வேண்டியது பிரிந்து, மிச்சம் மறு கை வழியாக எனக்கே திரும்பி வந்தது. அந்தப் பையை அன்றைக்கே அண்ணனுக்கு ஏற்றினார்கள், சாதாரணமாக ரத்தம் ஏற்றுகிற மாதிரிதான். அந்த நாளுக்கு ‘டே ஸீரோ’ என்று பெயர். அங்கிருந்து நாள் எண்ணத் தொடங்குகிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சால்வை போடாததுதான் பாக்கி.

ஆனால் கல்யாண மண்டபத்தில் மேடையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு, பின்கட்டில் விடிய விடியக் கோட்டையடுப்பு எரிந்ததே தெரியாது. எனக்கு அந்தப் பின்கட்டைப் பார்க்க வேண்டும் என்று அடங்காத ஆசை. ஆஸ்பத்திரி அனுப்பிவைத்த பிறகு, நாளெல்லாம் ராவெல்லாம் அண்ணனை உயிரோடு வைத்திருந்தது என் அண்ணி. அந்த வீட்டுக்குள் என்னதான் நடக்கிறது? இத்தனை மாதமாக போனில் கேட்டதெல்லாம் ‘நல்லாருக்கார் பாப்பா’ மட்டும்தான். ‘டே ஹன்ட்ரட்’ தாண்டியதும் அனுமதி வந்தது. ஓடினேன்.

ஊர் துறையூர் என்றாலும், இப்போது வீடு வேலூர் சத்துவாச்சாரியில். ஆஸ்பத்திரிக்குச் சட்டென்று போய்ச் சேர வேண்டும் என்பதால் முதல் நூறு நாளும் பக்கத்திலேயே இருக்கச் சொல்கிறார்கள். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, வாடகைக்கு. கட்டில், அடுப்பு எல்லாம் வீட்டுக்காரருடையது. குக்கர் மட்டும் அண்ணியுடையது. அந்தக் குக்கருக்குத் தனிக் கதை உண்டு, வருகிறேன்.

வாசலில் செருப்பு ஸ்டாண்டு. அதைத் தாண்டி ஒரு ஸ்டூல், அதன்மேல் பம்ப் வைத்த சோப்பு, பக்கத்தில் வாஷ்பேசின். துடைத்துக்கொள்ளத் துண்டு இல்லை, காகிதம். பிறகு மாஸ்க். அண்ணி கதவருகில் நின்று நான் கை கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று ஒவ்வொன்றாக வாயாலேயே சொல்லி வாங்கினார். ஹைஸ்கூலில் ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால்கூட நான் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. ஆனால் எனக்கு உள்ளுக்குள் குதூகலம் தாங்கவில்லை. வந்துவிட்டேன், உள்ளே வந்துவிட்டேன்!

அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில். மீசை போயிருந்தது, தலையில் புதுசாகப் பிள்ளை முடி. கன்னத்தில் மட்டும் பூனைமுடி அடர்ந்திருந்தது. சைக்ளோஸ்போரின் என்கிற மருந்து முடியை வளர்க்குமாம். “என்ன பாப்பா, உன் சரக்கு எப்படி வேலை செய்யுதுன்னு செக்கிங்கா?” என்றான். குரல் பழைய குரல்தான்! எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனால் நான் வந்தது சமையல்கட்டைப் பார்க்க.

அந்தச் சமையல்கட்டு இருக்கிறதே, அதை நான் சொல்லியே ஆக வேண்டும். அண்ணி துறையூரில் சமைத்தால் தெருவே மணக்கும். அவருடைய கைமணமெல்லாம் கடைசி நிமிஷத்தில்தான் இருக்கும். ரசத்தை இறக்கிவிட்டுக் கொத்தமல்லி கிள்ளிப் போடுவது, பொங்கலில் பொடித்த மிளகை மேலே தூவுவது, மோர்க்குழம்புக்குக் கடைசியாகத் தாளித்துக் கொட்டுவது. இங்கே அந்தக் கடைசி நிமிஷம் ரத்து. பச்சையாக எதுவும் மேலே விழக்கூடாது. கொத்தமல்லித் தழையில் மண்ணோடு வரும் கிருமி இருக்கலாம், மிளகுத் தூளில் பூஞ்சைக் காளானின் வித்துகள் இருக்கலாம். நமக்கு அது ஒன்றும் செய்யாது. வெள்ளணுக்கள் இப்போதுதான் நடை பழகுகிற, அதையும் அடக்கிவைக்க மருந்து சாப்பிடுகிற உடம்பில் அது நுரையீரல் வரைக்கும் போய்விடும்.

அண்ணி என்ன செய்தார் தெரியுமா? சமையலையே தலைகீழாகத் திருப்பிப் போட்டார்! தாளிப்பு முதலில். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் பொரிந்ததும் அதன் தலையிலேயே தக்காளியும் புளித்தண்ணீரும் விழுகின்றன. மிளகு சீரகமும் அப்போதே. கொத்தமல்லியும் அப்போதே. “ரசம் கொதிக்கவே கூடாது, நுரை கட்டினதும் இறக்கிரணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க. இங்க கொதிச்சே ஆகணும். மொதல் நாள் கஷாயம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் புளியைக் குறைச்சு, தண்ணியைக் கூட்டி, பருப்புத்தண்ணி ஊத்தி ஒரு வழிக்குக் கொண்டாந்தேன்” என்றார். ஒரு டம்ளர் கொடுத்தார். நான் குடித்தேன். கொதித்த ரசம்! அருமையாக இருந்தது. எங்கள் அம்மாவின் ரசத்தைவிட நன்றாக இருந்தது என்று எழுதினால் துறையூரில் சண்டை வரும், பரவாயில்லை, வரட்டும்.

இட்லிக்கு இங்கே ராஜ மரியாதை. ஆவியில் வெந்து, சட்டியிலிருந்து நேரே தட்டுக்கு. ஆனால் இட்லித் தட்டில் விரிக்கிற ஈரத்துணிக்கு இடம் இல்லை. துணியை எத்தனை தடவை துவைத்தாலும் ஈரத்தில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் குழியில் எண்ணெய் தடவியே ஊற்றுகிறார். கிரைண்டர் கல்லுக்குக் கொதிநீர்க் குளியல். தேங்காய்ச் சட்னி கிடையாது. வதக்கி அரைத்து மறுபடியும் கொதிக்கவிட்ட தக்காளிச் சட்னி உண்டு. குக்கரில் வேகவைத்த காய், நன்றாக வெந்த முட்டை, உரித்துச் சாப்பிடுகிற வாழைப்பழம். அதையும் தோலோடு கழுவிவிட்டுத்தான் உரிக்க வேண்டும், கத்தியும் கையும் தோலைத் தொட்டுவிட்டு உள்ளே போகும் அல்லவா? சமைத்து இரண்டு மணி நேரம் ஆன எதுவும் அண்ணனுக்கு இல்லை. காலையில் மிஞ்சியது அண்ணிக்கு, மத்தியானம் மிஞ்சியதும் அண்ணிக்கு. அண்ணி கொஞ்சம் சதை போட்டிருக்கிறார், அழகாக இருக்கிறார்.

இந்தக் குக்கர் துறையூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவரப்பட்டது. கல்யாணச் சீர். வீட்டுக்காரர் வைத்திருந்த குக்கரின் கேஸ்கெட்டை அண்ணி முகர்ந்து பார்த்தாராம், “வேணாம்” என்று சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கேஸ்கெட் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இது அண்ணியாகச் சேர்த்த சட்டம். இப்போது சில ஆஸ்பத்திரிகள் இந்தச் சாப்பாட்டுக் கட்டுப்பாடுகளில் பலவற்றைத் தளர்த்திவிட்டன, சுத்தமாகச் சமைத்துச் சூடாகக் கொடுத்தால் போதும் என்கின்றன. அண்ணியிடம் அதைச் சொன்னேன். தங்களுக்குக் கொடுத்த பட்டியலிலிருந்து ஒரு வரி நகர மாட்டேன் என்றார். நானும் அவர் பக்கம்தான்.

பெரியப்பா ஒருமுறை ஆசையாகத் தோட்டத்துப் பம்பளிமாஸ் நாலு கொண்டுவந்தாராம். நான்கும் வாசற்படி தாண்டவில்லை. கிரேப்ஃப்ரூட்டும் அதன் உறவுக்காரப் பழங்களும் குடலில் சைக்ளோஸ்போரினை உடைக்கிற நொதியை முடக்கிவிடும். மருந்து உடையாமல் ரத்தத்தில் ஏறும், சிறுநீரகம் அடி வாங்கும். பெரியப்பாவுக்கு இதை விளக்கி, மனம் நோகாமல், பழத்தையும் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டது எப்படி என்று கேட்டேன். “மாமா, இது ஒரு வருஷம் கழிச்சுத் திங்கிறதுக்கு, நீங்களே மரத்துல விட்டுவைங்கன்னு சொன்னேன்” என்றார். தூதரகத்தில் வேலைக்குப் போயிருக்க வேண்டியவர்!

இப்போது நோட்டு. இதைப் பார்க்கத்தான் நான் துடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற லாங் சைஸ் நோட்டு, பிரவுன் அட்டை, லேபிளில் அண்ணன் பெயர், அதன் கீழே வகுப்பு என்ற இடத்தில் ‘டிரான்ஸ்பிளான்ட்’. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, காய்ச்சல், பிரஷர், எடை, குடித்த தண்ணீர், போன சிறுநீர், மலம், வாய், தோல், மாத்திரை. தண்ணீருக்கு மட்டும் நாள் முழுக்க டிக் டிக் டிக். சைக்ளோஸ்போரின் சிறுநீரகத்தை வாட்டும் என்பதால் லிட்டர் கணக்கில் தண்ணீர் உள்ளே போக வேண்டும், கொதித்து ஆறிய தண்ணீர். பிரஷரையும் அதே மருந்து ஏற்றும், அதனால் மேஜை மேல் பிரஷர் மெஷின்.

ஒரு பக்கத்தில் என் கண் நின்றுவிட்டது. எண்களுக்கு நடுவில் அண்ணியின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி: ‘ரசம் புளிக்குதுன்னார்!!’ இரண்டு ஆச்சரியக்குறி, அடியில் கோடு வேறு. கீமோவில் வாயெல்லாம் புண்ணாகி, நாக்குக்கு ருசியே போயிருந்தது. வாரக்கணக்கில் எதைக் கொடுத்தாலும் தகரம், மண் என்றானாம். உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, மெத்தென்ற பிரஷ்ஷில் பல் தேய்த்து, ஒவ்வொரு கரண்டியும் மருந்து மாதிரி விழுங்கிய ஆள், ஒரு மத்தியானம் திடீரென்று நிமிர்ந்து, “என்ன இது, புளிப்பா இருக்கு” என்றானாம். அண்ணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நோட்டை எடுத்திருக்கிறார். டாக்டர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, தன் பேனாவால் பக்கத்தில் ஒரு டிக் போட்டிருக்கிறார். அந்த டிக்கைத் தொட்டுப் பார்த்தேன், பேனா அழுந்தியிருந்தது. எனக்கு அந்த எக்ஸ் எக்ஸ் அறிக்கையைவிட இந்தப் பக்கம் பெரிசாகத் தெரிந்தது, நிஜமாகவே!

மறுநாள் ரத்தப் பரிசோதனை நாள். வாய்ப்பை விடுவேனா, ராத்திரி அங்கேயே தங்கினேன். விடியற்காலையில் வீடு விழித்துவிடுகிறது. மற்ற நாள் என்றால் காலை மாத்திரை நேரத்துக்கு விழுங்கியாக வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஐந்து நிமிஷம் இப்படி அப்படிகூட அண்ணி விடமாட்டார். பரிசோதனை நாளில் மட்டும் காலை மாத்திரை கிடையாது. முந்தின வேளை மருந்து ரத்தத்தில் கடைசியாக எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கவேண்டும், விழுங்கிவிட்டுப் போனால் கணக்கு தப்பிவிடும். அதனால் அந்த மாத்திரை அண்ணியின் கைப்பையில், ஃபாயிலோடு, ஒரு குட்டி டப்பாவில் பயணம் செய்கிறது. ஃபாயிலைக் கிழித்ததும் ஒரு வாடை வரும் பாருங்கள், அது சைக்ளோஸ்போரினுக்கென்றே உள்ள வாடை. ரத்தம் எடுத்து ஊசி வெளியே வந்ததும் கிழிக்கிறார், இந்தக் கையில் பஞ்சு, அந்தக் கையில் மாத்திரை, தண்ணீர், ஹாட்கேஸில் இட்லி. எவ்வளவு லாவகம்! நான் கைதட்டாத குறை.

மத்தியானம் போனில் ரிசல்ட். ஹீமோகுளோபின், பிளேட்லெட், கிரியாட்டினின், மருந்தின் லெவல் என்று அண்ணி ஒவ்வொன்றையும் போன வாரத்தோடு ஒப்பிட்டு வாசிக்கிறார். பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவர். நான் அறிவியல் பட்டதாரி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சி.எம்.வி. என்றொரு வைரஸ் பெரும்பாலானோர் உடம்பில் சத்தமில்லாமல் தூங்குவது, காவல் குறைந்த நேரம் பார்த்து எழுந்திருக்கும். அது ஒருமுறை தலைதூக்கி, வாராந்தரச் சோதனையில் பிடிபட்டு, மாத்திரையில் அடங்கியதை அவர் சொன்ன விதத்தில் துப்பறியும் கதை தோற்றுப் போகும்.

தினமும் குளித்த பிறகு இன்னொரு சடங்கு. உள்ளங்கை, உள்ளங்கால், காதுமடலின் பின்பக்கம். அண்ணி ஜன்னல் வெளிச்சத்தில் அண்ணனை நிறுத்தி அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார். தானம் வந்த செல்கள், அதாவது என் செல்கள், புது வீட்டை வேற்று இடம் என்று நினைத்துத் தாக்கத் தொடங்கினால், பெரும்பாலும் தோலில்தான் முதலில் தெரியும், அதுவும் இந்த இடங்களில். பிறகு வயிறு, கல்லீரல். ஒருமுறை உள்ளங்கையில் செம்புள்ளி வந்தது, களிம்பிலேயே அடங்கியது. லேசாக வந்தால் டாக்டர்களுக்கு உள்ளூர ஒரு நிம்மதியும் உண்டாம். இந்தச் செல்கள் மிச்சம் மீதி புற்றணு இருந்தாலும் விட்டுவைக்காது என்பதற்கு அடையாளம். வெயில் பட்டால் இந்தத் தாக்குதல் கிளம்பலாம் என்பதால் குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை. வேலூர் வெயிலில்! படி ஏறி இறங்கும் பயிற்சிகூடப் பொழுது சாய்ந்துதான்.

காய்ச்சலுக்கு ஒரே ஒரு எண். நூறு புள்ளி நான்கு, ஃபாரன்ஹீட்டில். சமையல்கட்டுச் சுவரில், ஃபிரிட்ஜில், குளியலறைக் கதவில் என்று மூன்று இடத்தில் சிவப்பில் ‘100.4’. அதைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது, காய்ச்சலை மறைத்துவிடும். உடனே போன், உடனே ஆட்டோ. பை எப்போதும் கதவுக்குப் பின்னால் தயார். ஒரு ராத்திரி தேவைப்பட்டது. ஆட்டோக்காரர் லுங்கியோடு வந்து நின்றாராம். சில நாள் வார்டில் ஆன்டிபயாடிக் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணி இதை இரண்டே வரியில் சொல்லி முடித்துவிட்டார், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மேல்மாடியில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. அங்கே மனைவிக்கு டிரான்ஸ்பிளான்ட், கணவர் பார்த்துக்கொள்கிறார். இந்த ஊரில் இது அதிசயமில்லை. இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாடா மெமோரியலில் நடந்தது, வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் டாக்டர் மாமன் சாண்டி தொடங்கினார். அன்றிலிருந்து எங்கெங்கிருந்தோ ரயிலேறி வருகிறார்கள். ஆஸ்பத்திரித் தெருக்களில் கடைப் பலகையே வங்காளியில் இருக்கும். மேல்மாடிக்காரருக்குத் தமிழ் தெரியாது, அண்ணிக்கு வங்காளி தெரியாது. ஆனால் மீன் குழம்பைக் குக்கரில் எப்படி மீன் உடையாமல் வேகவைப்பது என்று மாடிப்படியில் நின்று கையாலேயே பேசி முடித்திருக்கிறார்கள். அவர் கடுகு எண்ணெயை முதலில் புகையவிடுவதைச் செய்து காட்டினார், அண்ணி தாளிப்பை முதலில் போடுவதைச் செய்து காட்டினார். நான் அங்கே இருக்கும்போதே அவர் இரண்டு படி மேலே நின்றபடி கட்டைவிரலை உயர்த்தினார். அன்றைக்கு அவர் மனைவிக்குப் பிளேட்லெட் ஏறியிருந்ததாம். அண்ணியும் உயர்த்தினார், நானும் சேர்ந்து உயர்த்தினேன்!

இந்த இடத்தில் டாட்டி தாமஸ் என்கிற அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வழி திறந்தவர் அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ், 1990இல் நோபல் பரிசு வாங்கியவர். கல்லூரி நாளில், டெக்ஸாஸில் அபூர்வமாகப் பனி பெய்த ஒரு நாள், ஒரு பெண் பனியை உருட்டி அவர் முகத்தில் எறிந்தாள். அந்தப் பெண்தான் டாட்டி! 1942இல் கல்யாணம். இதழியல் படிக்க வந்தவர் அதை விட்டுவிட்டு ஆய்வுக்கூட வேலை கற்றுக்கொண்டார். ரத்தம் பார்ப்பது, ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்துவது, ஆய்வுக்கான பண விவகாரத்தைக் கவனிப்பது என்று கடைசிவரை கணவரின் பக்கத்திலேயே வேலை செய்தார். மஜ்ஜை மாற்று சிகிச்சையின் தாய் என்று அவரை அந்தத் துறையினர் அழைத்தார்கள். அண்ணியிடம் இதைச் சொன்னபோது, பனி எறிந்த கதையைத்தான் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். “நான் இவர் மேல ஒரு தடவை சொம்புத் தண்ணிய ஊத்தியிருக்கேன்” என்றார். மஞ்சள் நீராட்டாம், கல்யாணத்துக்கு முன்னால். எனக்கே இதுவரை தெரியாது!

வீட்டில் செடி இல்லை, தொட்டி இல்லை. மண்ணில் இருக்கிற பூஞ்சை ஆகாது. ஊதுபத்தி, சாம்பிராணி இல்லை. பெருக்கும்போது தூசி பறக்கும் என்பதால் அண்ணன் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பால்கனிப் பக்கம் புறா வந்து உட்காராமல் வலை. பூவும் இல்லை. சாமி படங்கள் வெறுமனே துடைத்து மாட்டியிருந்தன. அப்போதுதான் கவனித்தேன், அண்ணியின் தலையிலும் பூ இல்லை. ஒரு கண்ணி மல்லிகையாவது இல்லாமல் அண்ணியை நான் பார்த்ததே கிடையாது. இந்த மாதங்கள் முழுக்க வைக்கவில்லை.

அண்ணியை வெளியே அனுப்பிவைத்தேன். “நான் பார்த்துக்கிறேன், போங்க அண்ணி” என்றேன். மனசே இல்லாமல், அடுத்த மாத்திரை எப்போது, தண்ணீர் எத்தனை டம்ளர் பாக்கி, வெப்பமானி எங்கே என்று என்னைப் பரீட்சை வைத்து, நான் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்ன பிறகே செருப்பு போட்டார். பால்கனியிலிருந்து அண்ணனும் நானும் எட்டிப் பார்த்தோம். தெருமுனைப் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் வாங்கி, அங்கேயே தலையில் வைத்து, நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார் பாருங்கள்! அண்ணன் விசிலடித்தான். மாஸ்க்குக்குள்ளேயே! கோயிலுக்குப் போய், சாமி கும்பிட்டு, திரும்பி வரும்போது பூவை அந்தப் பூக்காரம்மாவிடமே கொடுத்துவிட்டு, கை கழுவி, சேலை மாற்றி, அப்புறம்தான் உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியிலேயே தூங்கிப்போனார். நாங்கள் இருவரும் டிவியை அணைத்துவிட்டுத் தண்ணீர்க் கணக்கைச் சரியாக எழுதினோம்.

ஃபிரிட்ஜ் கதவில் இனி வரப்போகிறவற்றின் பட்டியல் ஒட்டியிருக்கிறது, நான் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவெல்லாம் பழைய ரத்தத்தோடு போய்விட்டது. அதனால் அண்ணனுக்கு இனி குழந்தைத் தடுப்பூசிகள் முதலிலிருந்து! டெட்டனஸ், டிப்தீரியா, நிமோனியா என்று மாதக் கணக்கில் ஒவ்வொன்றாக. உயிருள்ள கிருமியில் செய்த தட்டம்மை ஊசிக்கு இரண்டு வருஷமாவது ஆகும், அதுவும் டாக்டர் சரி என்றால். சைக்ளோஸ்போரின் மெல்ல மெல்லக் குறையும். அதற்கு எதிரே அண்ணி தன் கையால் எழுதிச் சேர்த்தவை: தயிர்சாதம், மாவடு, துறையூர் பஸ்ஸ்டாண்டு பரோட்டா. கடைசி வரி அண்ணனுடைய கையெழுத்து: ‘மீசை.’

பட்டியலில் மேலே வட்டம் போட்டிருந்தது ஒரே ஒரு விஷயம். பையன். நாலு வயசு, இத்தனை மாதமும் துறையூரில் அம்மாவிடம் இருக்கிறான். பால்வாடியிலிருந்து சளியோடு வருகிற பிள்ளையை அருகில் விட முடியாது. போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அம்மா அவனைக் கூட்டிப் போகவில்லை. சொட்டு மருந்தின் கிருமி பிள்ளையிடமிருந்து அப்பாவுக்கு வரலாம், ஊசி மருந்தே சரி என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஃப்ளூ ஊசி வீட்டில் எல்லோருக்கும் ஆயிற்று. அடுத்த ஞாயிறு அவனை அழைத்துவரலாம் என்று அனுமதி! அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது, நான் சண்டை போட்டு வாங்கினேன்.

சாயங்காலம் ஒத்திகை நடந்தது. வீடியோ காலில் துறையூர்க் குழாயடி, முக்காலி மேல் பையன், கை நிறைய நுரை. இந்தப் பக்கம் அண்ணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “விரலுக்கு நடுவுல... நகம்... கட்டைவிரல் எங்கடா?” என்கிறார். அவன் கட்டைவிரலைக் கேமராவுக்குள் திணிக்கிறான். “அப்பாவ தொட்டுக்கலாமா?” என்று கேட்டான். “காலைக் கட்டிக்கலாம். முத்தம் மட்டும் அப்புறம்” என்றார் அண்ணி. உடனே பையன் அடுத்த கையையும் மறுபடி முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தான். அண்ணன் பின்னாலிருந்து, “போதும்டா, தோல் உரியப் போவுது” என்று கத்த, அம்மா அங்கிருந்து, “தண்ணி தீந்துபோச்சுடா, மோட்டார் போடணும்” என்று கத்த, நான் இந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக்கு ரயிலா காரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார்தான். கூட்டம் வேண்டாம்.